ஏ/பி டெஸ்ட் 14 நாள் ஓடணுமா, 5 நாளில் முடிவெடுக்கலாமா?

புதுபிஎம்:
வணக்கம். பெரிய ஷாப்பிங் ஆப் ஒன்றில் செக்அவுட் (ஆர்டரை முடிக்கும்) பகுதிக்கு நான் பி.எம். (ப்ராடக்ட் மேனேஜர்). புதிதாக முகவரி சேர்க்கும் பக்கத்தை மாற்றுகிறோம். முதலில் பின்கோடு கேட்போம். ஊரும் மாநிலமும் தானாக நிரம்பிவிடும். பக்கத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 12,000 பேர் வருகிறார்கள், அதில் 40% பேர் ஆர்டரை முடிக்கிறார்கள். பழையது பாதி, புதியது பாதி என்று டெஸ்ட் போடப்போகிறோம். டேட்டா சயின்ஸ் டீம் 14 நாள் கேட்கிறது. மேலே இருப்பவர்கள் 5 நாளில் முடிவு சொல்லச் சொல்கிறார்கள். எதை வைத்துப் பேசுவது?

கணக்குப்பிள்ளை:
நாளை வைத்துப் பேசாதீர்கள், "எவ்வளவு சின்ன மாற்றம் கண்ணில் படணும்?" என்று கேளுங்கள். நாள் கணக்கு அதிலிருந்து தானாக வரும்.

5% சிக்னிபிகன்ஸ் (மாற்றமே இல்லாதபோது இருப்பதாகத் தப்பாகச் சொல்லும் வாய்ப்பு), 80% பவர் (உண்மையான மாற்றத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) என்றால் மனக்கணக்குக்கு ஒரு சூத்திரம் போதும்: 16-ஐ முடிப்பவர் விகிதத்தாலும் முடிக்காதவர் விகிதத்தாலும் பெருக்கி, எதிர்பார்க்கும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுங்கள். உங்கள் பக்கத்துக்கு 16 × 0.4 × 0.6 = 3.84.

40% என்பது 40.8% ஆவதைப் பிடிக்க: 3.84 ÷ (0.008)² = பழையது, புதியது ஒவ்வொன்றுக்கும் 60,000 பேர். இரண்டும் சேர்த்து 1,20,000, அதாவது 10 நாள். வார நாளும் சனி, ஞாயிறும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் முழு வாரமாக ஏற்றி 14. உங்கள் டீம் சும்மா கேட்கவில்லை.

5 நாளில் ஒவ்வொன்றுக்கும் 30,000 பேர்தான் கிடைப்பார்கள். அப்போது சுமார் 1.1 சதவீதப் புள்ளிக்குக் குறைவான மாற்றத்தை நம்பிக்கையாகப் பிடிக்க முடியாது. "ஒரு புள்ளிக்கு மேல் ஏறும் என்று நம்புகிறீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் 7 நாள் போதும். அரைப் புள்ளிகூடத் தெரியணும் என்றால் 28 நாள்.

இன்னொன்று: 14 நாள் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தினமும் டேஷ்போர்டைத் திறந்து, பச்சை தெரிந்ததும் நிறுத்துவார்கள். அது 5% பிழை இல்லை. 5 முறை எட்டிப்பார்த்தால் பொய்யான வெற்றிக்கு 14% வாய்ப்பு, 10 முறை என்றால் 19%. நடுவில் பார்த்தே ஆகணும் என்றால் சீக்வென்ஷியல் முறையில் (பலமுறை எட்டிப்பார்ப்பதையும் கணக்கில் எடுக்கும் முறை) எல்லையை முன்கூட்டியே போட்டு வைக்கச் சொல்லுங்கள். கிராஷ், பேமெண்ட் தோல்வி மாதிரி ஆபத்து எண்களைத் தினமும் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

பார்சல்காரன்:
கணக்கு சரி. ஆனால் "ஆர்டரை முடித்தார்" என்பதையே முதன்மை எண்ணாக வைக்கலாமா? முகவரிப் பக்கத்தில் தப்பு நடந்தால் அது ஆர்டரில் தெரியாது. பத்து நாள் கழித்து ஆர்.டி.ஓ.வில் தெரியும் (டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ் இல்லை, பார்சல் திரும்பி வருவது). கேஷ் ஆன் டெலிவரியில் போக வர கூலி இரண்டும் உங்கள் தலையில். அதனால் டெஸ்ட் 14 நாள் ஓடினாலும், கடைசி ஆர்டர் டெலிவரி ஆகும்வரை முடிவைத் தள்ளி வையுங்கள்.

பின்கோடு விஷயத்திலும் கவனம். முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலம் போட்டால் மாட்டுவீர்கள். 605001 புதுச்சேரி, 605602 விழுப்புரம். 673 கோழிக்கோடு பக்கம், ஆனால் 673310 மாஹி, அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். ஆறு இலக்கத்துக்கும் முழு அட்டவணை வேண்டும். ஒரே பின்கோட்டில் பல ஊர் வரும்; ஊர்ப் பெயரைப் பூட்டிவிடாமல், பட்டியலாகக் காட்டித் திருத்தவும் விடுங்கள்.

புதுபிஎம்:
நன்றி. ஊர்ப் பெயரைப் பூட்டித்தான் வைத்திருந்தோம், மாற்றச் சொல்கிறேன். டெஸ்ட் முடிந்ததும் ரிசல்ட்டில் முதலில் எதைப் பார்க்கணும்?

கணக்குப்பிள்ளை:
வெற்றி எண்ணை அல்ல, ஆள் எண்ணிக்கையை. 14 நாளில் 1,68,000 பேர் என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 84,000 இருக்கணும். பழையது 84,900, புதியது 83,100 என்று வந்தால் பார்க்க 50.5% மாதிரிதான், ஆனால் அது தற்செயலாக நடக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். கை-ஸ்கொயர் சோதனை போட்டு, பி மதிப்பு (இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.001-க்குக் கீழே வந்தால் மற்ற எண்களைத் திறக்கவே வேண்டாம்.

உங்கள் கேஸில் முதல் சந்தேகம் லாக்கிங் (ஆப்பில் நடப்பதைப் பதிவு செய்வது) மேல்தான். "பக்கத்தைப் பார்த்தார்" என்ற ஈவென்ட், பின்கோடு சர்வீஸ் பதில் தந்த பிறகு பதிவானால், நெட் மெதுவாக இருப்பவர்கள் காத்திருந்து கிளம்பிவிடுவார்கள். புதிய பக்கத்தின் கணக்கிலேயே வரமாட்டார்கள். பாதியில் விட்டுப் போகிறவர்களே கணக்கில் இல்லாததால் புதியது ஜெயித்த மாதிரி தெரியும். இரண்டு பக்கத்திலும் திறந்த உடனே, ஒரே இடத்தில் பதிவாகணும்.

ரிலீஸ்_வியாழன்:
லாஞ்ச் பற்றி யாரும் சொல்லவில்லையே. புதிய பக்கத்தை ஆப்புக்குள் வைத்து, சர்வரில் இருக்கும் ஃபிளாக்கை (அதைக் காட்டவோ மறைக்கவோ உதவும் சுவிட்ச்) அணைத்தபடி அனுப்புங்கள். ஆப் ஸ்டோரில் கட்டம் கட்டமாக விட்டால் 7 நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று போகும்; மொத்தம் 30 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். பிளே ஸ்டோரில் நிறுத்தினாலும் ஏற்கெனவே அப்டேட் ஆன போன் பழைய வெர்ஷனுக்குத் திரும்பாது, புது பில்டுதான் போகணும். ஃபிளாக் இருந்தால் அந்தத் தலைவலி இல்லை.

புது வெர்ஷன் வைத்திருப்பவர்களை மட்டும் எடுத்து, அவர்களுக்குள் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். "அப்டேட் செய்தவர் புதியது, செய்யாதவர் பழையது" என்று பிரித்தால், ஒப்பிடுவது பக்கத்தை அல்ல, ஆட்களை.

டெஸ்ட் தொடங்கும் முன்பே பி.ஆர்.டி.யில் (ப்ராடக்டுக்கு என்ன வேண்டும் என்று எழுதும் ஆவணம்) மூன்று வரி எழுதி மேலே இருப்பவர்களின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள்: ஆர்டர் ஏறி ஆர்.டி.ஓ. ஏறாவிட்டால் 100%, வித்தியாசமே இல்லாவிட்டால் பழையதே, ஆர்.டி.ஓ. இத்தனை புள்ளிக்கு மேல் ஏறினால், ஆர்டர் ஏறியிருந்தாலும் ஃபிளாக் அணைக்கப்படும். அந்த "இத்தனை"யை நிரப்ப ஃபைனான்ஸ் டீமிடம் ஒரு திரும்பிய பார்சலுக்கு என்ன செலவு என்று இன்றைக்கே கேளுங்கள், பதில் வர ஒரு வாரம் ஆகும்.