முயல் கூடு: தகரமா, ஓலையா?

கேள்வி (பாளையங்கோட்டை): மொட்டைமாடியில ரெண்டு முயலுக்குக் கூடு வைக்கணும். தகரக் கூரையும் கோழிவலையும் போதுமா அண்ணாச்சி?

பதில்: மாடியே வேண்டாம், வேப்பமரத்தடிதான் சரி. 30 டிகிரி தாண்டினாலே முயல் திணறும். நம்மூர் வெயில்ல தகரத்துக்கடியில செத்தே போயிரும். பனையோலை வேயுங்க. கூடு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். அது ராத்திரி அடைக்க மட்டுந்தான், பகல்ல ஓட இடம் தனியா வேணும்.

பதில்: கோழிவலையை நாய் பிச்சிரும். அரை அங்குலக் கண்ணு உள்ள வெல்டுமெஷ் (பத்தவச்ச கெட்டிக் கம்பிவலை) அடிங்க. தரை முழுக்கக் கம்பின்னா பாதம் புண்ணாகும். பாதிக்குப் பலகை போட்டு வைக்கோல் விரிங்க. ஈரமானா அன்னைக்கே மாத்தணும், மூத்திர நெடி மூச்சைக் கெடுக்கும்.

பதில்: எறும்புக்குக் கூட்டுக்கால்களைத் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்துங்க. ஐப்பசிச் சாரல் அடிக்கிற பக்கம் பலகையால அடைச்சிருங்க.

கேட்டவர்: ஆணும் பொட்டையும் ஒண்ணா விடலாமா?

பதில்: விட்டா 31 நாள்ல இன்னொரு கூடு கேட்டு வருவீங்க!