உலக வங்கி, ஐ.நா. அமைப்புகளுக்கு டெபுடேஷனில் (தற்காலிக அயல்பணியில்) போவது எப்படி?

வைகைக்கரை:
மாநில கேடர் (மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட அதிகாரிகள் அணி) ஐ.ஏ.எஸ்., 11 ஆண்டு சர்வீஸ், முதுகலைப் பட்டம் உண்டு. பெரும்பாலும் குடிநீர், ஊரக வளர்ச்சித் துறைகள். வேலையை விடாமல் மூன்று ஆண்டு யு.என்.டி.பி.யிலோ (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்) உலக வங்கியிலோ பணியாற்ற வேண்டும். எந்த கிரேடுக்கு விண்ணப்பிக்கலாம்? அனுமதியை எப்போது கேட்பது? பென்ஷன், சீனியாரிட்டி என்ன ஆகும்?

பழையகோப்பு:
உலக வங்கிக்கு இரண்டு வாசல் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஒன்று, நிர்வாக இயக்குநர் அலுவலகம். இந்தியா, வங்கதேசம், பூடான், இலங்கை நான்குக்கும் சேர்த்து ஓர் இயக்குநர். அவருக்கான ஆலோசகர் பதவிகளுக்கு அரசுதான் பெயர் அனுப்பும். வங்கிக்கு நேரே எழுதிப் பயனில்லை. அங்கே போகிறவர் வாரியத்தில் அரசின் நிலைப்பாட்டைப் பேசுவார், திட்டம் எதையும் நடத்த மாட்டார். மற்றொன்று வங்கியின் சொந்த ஊழியர் பணி. நீங்கள் கேட்பது இது.

இதற்கும் ஐ.நா. பணிக்கும் ஐ.ஏ.எஸ். (கேடர்) விதிகள் 1954, விதி 6(2)-இன் இரண்டாம் உட்பிரிவுதான் வழி. ஒரே மூச்சில் 5 ஆண்டு, சர்வீஸ் முழுவதற்கும் சேர்த்து 7 ஆண்டு வரை போகலாம். கோப்பு முதலில் மாநில அரசிடம் கேடர் கிளியரன்ஸுக்கு (உங்களை விடுவிக்கும் இசைவு), பிறகு விஜிலென்ஸ் கிளியரன்ஸோடு (ஊழல், ஒழுங்கு விசாரணை நிலுவையில் இல்லை என்ற சான்று) டெல்லி பணியாளர் துறைக்குப் போகும்.

தடுமாறுவது இங்கேதான். காலிப்பணி அறிவிப்பு சில வாரங்களே திறந்திருக்கும். கோப்போ ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு நகரவே மாதங்கள் ஆகும். தேர்வான பிறகு கோப்பைத் தொடங்கினால் அந்த அமைப்பு காத்திராது, பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடும். கேடரில் ஆள் பற்றாக்குறை என்று மாநிலமே திருப்பி அனுப்புவதும் உண்டு. ஆகவே, விண்ணப்பிக்கும் முன்பே மாநிலத்தின் கொள்கை அளவிலான இசைவை எழுத்தில் வாங்கிவிடுங்கள். துறை மாறிய மறுமாதம் கேட்காதீர்கள். இப்போதுதானே போட்டோம் என்பார்கள்.

நேர்முகம்:
கிரேடு பற்றி. ஐ.நா.வின் தொழில்முறைப் பதவி நிலைகளில், முதுகலைப் பட்டத்தோடு பி-3க்கு 5 ஆண்டு, பி-4க்கு 7, பி-5க்கு 10 ஆண்டு தொடர்புள்ள அனுபவம் கேட்பார்கள். இளங்கலை மட்டும் என்றால் பொதுவாக இரண்டு ஆண்டு கூடுதல். கணக்குப்படி உங்களுக்கு பி-5 வரும். ஆனால் ‘தொடர்புள்ள’ என்ற சொல்தான் வெட்டும்: சப்-கலெக்டர் காலத்து வருவாய், சட்டம்-ஒழுங்கு வேலைகளைக் குடிநீர்ப் பணிக்கு எண்ண மாட்டார்கள். பி-4 தான் நியாயமான இலக்கு.

நம் அதிகாரிகளின் விண்ணப்பம் பெரும்பாலும் முதல் சல்லடையிலேயே விழும். காரணம், அது பதவிப் பட்டியலாக இருக்கும். இந்த மாவட்டத்தில் கலெக்டர், அந்தத் துறையில் இயக்குநர். அங்கே படிப்பவருக்குக் கலெக்டர் என்றால் என்னவென்றே தெரியாது. ஒவ்வொரு பதவியிலும் எத்தனை கோடி திட்டம், எத்தனை பேர் உங்கள்கீழ், நீங்களாக எடுத்த முடிவு எது, அதனால் எந்த எண் எவ்வளவு மாறியது என்று நான்கு வரி எழுதுங்கள். அறிவிப்பில் உள்ள சொற்களையே கையாளுங்கள். நேர்காணலில் நிலைமை, உங்கள் பொறுப்பு, செய்தது, விளைந்தது என்ற வரிசையில் ஒரு நிகழ்வைக் கேட்பார்கள். “நாங்கள் செய்தோம்” என்றே பேசிக்கொண்டிருந்தால் மதிப்பெண் வராது. அரசுப் பேச்சில் அது பணிவு. அங்கே பதில் இல்லாமை.

கணக்கன்:
சீனியாரிட்டி அடிபடாது. பேட்ச் (பணியில் சேர்ந்த ஆண்டு) வரிசை அப்படியே இருக்கும். அடிபடக்கூடியது எம்பேனல்மென்ட், அதாவது மத்திய அரசின் உயர் பதவிகளுக்குத் தகுதியானவர் பட்டியலில் சேர்வது. 2007 பேட்ச் முதல், இணைச் செயலர் பட்டியலுக்கு வர, மத்தியில் துணைச் செயலர் அல்லது இயக்குநர் நிலையில் 2 ஆண்டு இருந்திருக்க வேண்டும். அதை முடிக்காமல் வெளிநாடு போனால் திரும்பும்போது நெருக்கடி.

பென்ஷன்: நீங்கள் 2004க்குப் பின் சேர்ந்தவர் என்பதால் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) தான். பங்களிப்பு இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். பழைய பென்ஷன்காரர்களுக்கு மட்டும் விருப்பத் தேர்வு இருந்தது: பங்களிப்பு கட்டி அந்த ஆண்டுகளை இங்கே சேர்ப்பது, அல்லது அங்கத்திய ஓய்வுப் பலனை எடுப்பது. ஐ.நா. ஓய்வூதிய நிதியத்தில் 5 ஆண்டு முடியாமல் மாத ஓய்வூதிய உரிமை வராது, கட்டியதைத் திரும்பப் பெறலாம். விடுப்புச் சம்பளப் பங்களிப்பும் (விடுப்புக் காலச் சம்பளத்துக்காக அரசுக்குக் கட்டும் தொகை) கட்ட வேண்டும், மறக்காதீர்கள்.

பழையகோப்பு:
கடைசி வரி தவறு. விடுப்புச் சம்பளப் பங்களிப்பு இந்தியாவுக்குள் அயல்பணி என்றால்தான். வெளிநாட்டில் விடுப்பை அந்த அமைப்பே பார்த்துக்கொள்ளும்.

கணக்கன்:
சரிதான், திருத்திக்கொள்கிறேன்.

வைகைக்கரை:
நன்றி. மூன்று ஆண்டு முடிந்து இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொன்னால்?

பழையகோப்பு:
நீட்டிப்பு ஆணை கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அனுமதித்த காலத்துக்கு மேல் அயல்பணியில் தொடர்ந்தால், விளக்கம் கேட்டபின், ராஜினாமா செய்ததாகக் கருத அகில இந்தியப் பணிகள் விடுப்பு விதி 7 இடம் தருகிறது. நீட்டிப்புக்கு ஆறு மாதம் முன்பே எழுதுங்கள்.

விட்டுவிட்டே போவதானால் அது வேறு கணக்கு. ஐ.ஏ.எஸ். அதிகாரி பரமேஸ்வரன் ஐயர் 2009-ல் விருப்ப ஓய்வு பெற்று உலக வங்கியில் நீர், சுகாதாரப் பணிக்குப் போனார். 2016-ல் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலராக டெல்லி அழைத்துக்கொண்டது. 2023-ல் அதே வங்கிக்கு நிர்வாக இயக்குநராகப் போனார். மேலே சொன்ன இரண்டு வாசலும் அவருக்குத் திறந்தன. ஆனால் 11 ஆண்டில் விருப்ப ஓய்வுக்கு வழியில்லை, ராஜினாமாதான்.