அன்ரிக், வின்ரேஜ் இரண்டுக்கும் தமிழ்: வெள்ளிக்கு முதல் வேண்டும்

நல்லூரிலிருந்து, திங்கள் காலை

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஞாயிறு எங்கள் ஊர் மண்டபத்தில் பழைய கதிரைகளை வைத்து ஒரு சின்னக் காட்சி. பதினான்கு கதிரைகள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று மொழியில் குறிப்பட்டை வேண்டும். வெள்ளி காலை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் முடிந்துவிட்டன, தமிழில்தான் நிற்கிறேன்.

நூறு வயதைத் தாண்டியதைப் பொதுவாக அன்ரிக் என்கிறார்கள். அதற்கு இளையது, ஆனால் தன் காலத்துச் சாயல் பார்த்தவுடன் தெரிவது வின்ரேஜ். இரண்டுக்கும் 'பழைய' என்று போட்டால் வித்தியாசம் போய்விடும். 'தொன்மை வாய்ந்த' என்பது கோவிலுக்குச் சரி, பிரம்பு பிய்ந்த கதிரைக்கு எப்படிப் போடுவது?

இன்னொரு சின்னக் கேள்வி. கதிரையா, நாற்காலியா? தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

கொக்குவில் மாஸ்டர், திங்கள் மதியம்

பிள்ளை, சின்னக் கேள்வி என்று நீ எழுதியதுதான் பெரிய கேள்வி. கதிரை போர்த்துக்கேயரின் 'கதெய்ரா' என்று எல்லோரும் சொல்லுவார்கள். எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம். இராட்டையில் நூல் நூற்கும் கதிர் இருக்கிறதே, அதைப் பார். நடு பருத்து முனை ஒடுங்கி இருக்கும். பழைய கதிரைகளின் முதுகில் வரிசையாக நிற்கிற கடைசல் கம்புகளும் அதே உருவம். கதிர்களை உடையது கதிரை. சொல் இங்கேயே இருந்தது, போர்த்துக்கேயன் வந்தபோது இரண்டும் ஒன்றாய்க் கேட்டிருக்கும், அவ்வளவுதான். இதைப் பற்றி மூன்று பகுதியாக எழுத எண்ணியிருக்கிறேன்.

அன்ரிக் என்பதற்குத் 'தொல்கதிரை' போதும்.

ரொறன்ரோவிலிருந்து, திங்கள் இரவு

மாஸ்டர் கோபிக்கக் கூடாது. மேசை, அலுமாரி, யன்னல் எல்லாம் கதிரையோடு ஒரே கப்பலில் வந்து இறங்கியவை. அவற்றுக்கும் வேர் தோண்டுவீர்களா? கதெய்ராவுக்கு மூலம் கிரேக்கத்துக் 'கதெத்ரா', இருக்கை என்று பொருள். ஆயரின் இருக்கை இருக்கிற கோவிலைக் கதீட்றல் என்பதும் அதனால்தான். ஆங்கிலச் 'செயா'வும் (chair) பிரெஞ்சு வழியாக அதே வயிற்றில் பிறந்ததுதான். கதிரைக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம்.

மதுரையிலிருந்து, செவ்வாய் காலை

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? நாற்காலி தூய தமிழ், எல்லோருக்கும் புரியும். நான்கு கால் உடையது நாற்காலி, மூன்று என்றால் முக்காலி. கடன் வாங்கிய சொல்லை ஏன் சுமக்க வேண்டும்?

நல்லூரிலிருந்து, செவ்வாய் காலை

அண்ணா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் எங்கள் நாலாம் இலக்கத்துக்கு ஆறு கால். பர்கோமாஸ்ரர் கதிரை என்பார்கள். இருக்கை வட்டம், முதுகு அரைவட்டம், சுற்றிவர ஆறு கால். ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையிலும் பத்தாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) செய்த வகை. அதை நாற்காலி என்று எழுதினால் முன்வரிசைச் சிறுபிள்ளைகள் எண்ணிப் பார்த்துச் சிரிக்கும்.

மதுரையிலிருந்து

அப்படியானால் அறுகாலி.

கொக்குவில் மாஸ்டர்

தம்பி, செய்யுளில் அறுகால் என்றால் வண்டு. அறுபதமும் அதுதான். வண்டின் மேல் யார் உட்காருவது?

சுன்னாகம் பட்டறையிலிருந்து, செவ்வாய் மாலை

நான் இலக்கணம் படித்தவன் இல்லை, மரத்தோடு வேலை. தங்கச்சி அனுப்பிய படங்களைப் பார்த்தேன். 4 கருங்காலி. 7 முதிரை, கால்கள் கடைசல். 9 வியன்னாவின் தோனே நிறுவனத்து வகை, பீச் மரத்தை நீராவியில் வளைத்தது. 1859இல் வந்த 14ஆம் இலக்க மாதிரி அது. ஆறு துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு சுரை (நட்), வேறொன்றும் இல்லை. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் முப்பத்தாறு கதிரை போகும். கப்பலில் உலகம் முழுக்கப் போனதன் காரணம் அதுதான். 12 சாய்மனைக் கதிரை. அதன் நீண்ட கையில் காலைத் தூக்கி வைக்கலாம்.

என்னிடம் வருகிறவர்கள் அன்ரிக் என்றும் சொல்வதில்லை, தொல் என்றும் சொல்வதில்லை. 'அந்தக்காலத்துக் கதிரை ஒன்று இருக்கு, பிரம்பு பின்னித் தருவீங்களோ' என்றுதான் கேட்பார்கள்.

இரண்டாம் இலக்கத்தின் முன்கால் எஸ் மாதிரி வளைந்து, அடியில் பறவை நகம் ஒரு பந்தைப் பிடித்திருக்கிறது. கப்ரியோல் கால் என்பார்கள். தமிழ் என்ன?

கொக்குவில் மாஸ்டர்

கப்ரியோல் என்பது ஆடு துள்ளுவதைக் குறிக்கிற சொல்லின் வழி வந்தது. ஆகவே 'ஆட்டுக்கால்' என்று தயங்காமல் போடலாம்.

சுன்னாகம்

மாஸ்டர், சூப்பு எங்கே என்று கேட்பார்கள்.

நல்லூரிலிருந்து

'வளைகால்' என்று போட்டுவிட்டேன், அதை இத்தோடு விடுங்கள். வின்ரேஜுக்கு வாருங்கள்.

கொக்குவில் மாஸ்டர், புதன் காலை

வின்ரேஜ் என்பதன் இலத்தீன் மூலத்துக்கு வைனுக்கான முந்திரிகைப்பழம் பறிக்கிற அறுவடை என்று பொருள். எந்த வருடத்துப் பழம் என்பதிலிருந்து எந்தக் காலத்துப் பொருள் என்று பொருள் நகர்ந்தது. (மதுரைத் தம்பிக்கு: எங்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை. நீங்கள் முந்திரி என்பதை நாங்கள் கசு என்போம்.) செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல் போடுகிற ஊர் நாங்கள், எங்களுக்கு இந்தச் சொல் அந்நியமில்லை. பழந்தமிழ் எண்ணில் முந்திரி என்றால் 1/320. இதற்கும் முந்திரிகைக்கும் உறவு உண்டா என்பது தனியாக ஆராயத்தக்கது. 'விளைகாலக் கதிரை' என்று முன்மொழிகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து, சட்டத்தரணி, புதன் இரவு

விளைகாலம் என்றால் வெங்காயம் நினைவுக்கு வருகிறது. மாஸ்டரின் 'தொல்' இன்னும் ஆபத்து. இங்கே தொல்பொருள் என்பது சட்டச் சொல். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் முதலில் வைத்த எல்லை 1815 மார்ச் 2, அதற்கு முந்தியதே தொல்பொருள். தொல்கதிரை என்று எழுதித் தொங்கவிட்டால் திணைக்களத்துக்கு அறிவித்தீர்களா என்று ஒருவர் கேட்பார்.

வீட்டிலேயே சொல் இருக்கிறதே. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் சொத்து மூன்று: முதுசம், சீதனம், தேடியதேட்டம். தலைமுறை தாண்டி வந்தது முதுசம், அதுதான் அன்ரிக். ஒருவர் தன் காலத்தில் சம்பாதித்தது தேட்டம், அதை வின்ரேஜுக்கு வைக்கலாம். விளக்கம் சொல்லத் தேவையே இல்லை, கிழவிக்கும் விளங்கும்.

மதுரையிலிருந்து

எனக்கு விளங்கவில்லை.

கொக்குவில் மாஸ்டர்

முதுசொம் என்பதே திருத்தமான வடிவம். முது தமிழ், 'சொம்' வடமொழி 'ஸ்வம்'. பாதித் தூய்மை எனக்கு உடன்பாடில்லை.

சட்டத்தரணி

சொல் பாதி வடமொழி, கதிரை போர்த்துக்கேயம், சட்டத்தைத் தொகுத்தவர் ஒல்லாந்தர். ஐயா, யாழ்ப்பாணத்துக் கதிரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

ரொறன்ரோவிலிருந்து, வியாழன் அதிகாலை

எனக்கு முதுசம் பிடித்திருந்தது. இரவு நித்திரை வராமல் யோசித்தபோது பிடிக்காமல் போய்விட்டது. அப்பாவின் சாய்மனைக் கதிரை எங்கள் விறாந்தையில் கிடந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, கதவைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம், கதிரையை உள்ளே இழுத்து வைக்கக்கூட நேரமில்லை. திரும்பிப் போனபோது கூரையும் இல்லை. சில வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு கடை வாசலில் அதே மாதிரி ஒன்று, அன்ரிக் என்று அட்டை தொங்க நின்றது. எங்களுடையது என்று சொல்ல வரவில்லை, அந்த அச்சில் நூறு கதிரை செய்திருப்பார்கள். ஆனால் யாரோ ஒருவருடையது. அதை வாங்கி வைத்திருப்பவருக்கு அது முதுசமா? முதுசம் என்றால் யாருடைய முதுசம் என்ற கேள்வி கூடவே வரும். வயதை மட்டும் சொல்லுகிற சொல் வேண்டும். 'மூத்த கதிரை' என்று போட்டால் என்ன?

சுன்னாகம்

அண்ணை சொல்வது விளங்குகிறது. ஆனால் மூத்த கதிரை என்றால் இளைய கதிரை எங்கே என்பார்கள்.

நல்லூரிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. கை எண்ணிப் பார்த்தேன்: முதுசத்துக்கு ஐந்து, மூத்ததுக்கு இரண்டு, தொல்லுக்கு மாஸ்டர் ஒருவர். எனக்குக் களைப்பாக இருக்கிறது, அதனால் இப்படி முடிக்கிறேன். குடும்பத்தினர் தாங்களே கொண்டுவந்து தந்த, நூறு வருடம் கடந்த ஐந்துக்கும் 'முதுசக் கதிரை'. இளைய எட்டுக்கும் சுன்னாகத்து அண்ணை சொன்ன 'அந்தக்காலக் கதிரை'. தேட்டம் வேண்டாம், விலை கேட்பார்கள். மிச்சம் ஒன்று, ஆறாம் இலக்கம். யாருடையது என்று தெரியாமல் கடையில் வாங்கியது. அதற்கு மரம், பாணி, அளவு மட்டும் எழுதியிருக்கிறேன். நாற்காலி என்ற சொல் வாசல் பதாகையில் ஒருமுறை வரும், மதுரை அண்ணா மன்னிக்கவும்.

கொக்குவில் மாஸ்டர், வெள்ளி காலை

பிள்ளை, அச்சுக்குப் போய்விட்டதா? என் மாறுபட்ட கருத்தைப் பதிவில் வைத்துக்கொள். 'கதிர்' பற்றிய முதற் பகுதியை இன்று மாலை அனுப்புகிறேன், நூற்பு இராட்டையின் படமும் இணைத்திருக்கிறேன்.