கத்திரி வெயிலில் டைனமோவுக்குத் தனி ஃபேன் தேவையா?

டீசல்முருகு:
ஏசி வேன், 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (நாம் டைனமோ என்பது இதைத்தான்), நாள் முழுக்க ஊருக்குள் ஓட்டம். மே மாசத்தில் அதன் டயோடும் (மின்சாரத்தை டிசியாக மாற்றுவது) ரெகுலேட்டரும் (வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) அடிபடுவது சூட்டினால்தான். முழு லோடில் 14 வோல்ட் × 90 = 1,260 வாட் வெளியே வருகிறது. ஆல்டர்னேட்டரின் திறன் 55-60 சதவீதம் என்றால் 900 வாட் பக்கம் உள்ளேயே சூடாகப் போகிறது. ஒரு தேய்ப்புப் பெட்டி அளவு சூடு. சிக்னலில் நிற்கும்போது உள்விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். 12 வோல்ட் ஃபேன் ஒன்றைப் பக்கவாட்டில் பொருத்தி அதன் மேல் அடிக்க விடுவதுதான் சரியான வழி.

மின்கம்பி:
பக்கவாட்டில் வைக்கவே வைக்காதீங்க. உள்விசிறி உள்ள மாடலில் காற்று முன்னாலும் பின்னாலும் நுழைந்து, சுற்றிலும் உள்ள பிளவுகள் வழியாக வெளியேறும். பக்கத்திலிருந்து ஊதினால் வெளியே வரும் அனலை உள்ளேயே திருப்பி அனுப்புகிறீர்கள். அதோடு 80 வாட் ஃபேன் என்றால் 6 ஆம்பியர் கூடுதல் லோடு. ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது) இன்ஜின் 750 ஆர்பிஎம், புல்லி விகிதம் 2.7 (இன்ஜின் ஒரு சுற்றுக்கு டைனமோ 2.7 சுற்று), டைனமோ சுற்றுவது 2,000தான். அந்த வேகத்தில், அதுவும் சூடேறிய நிலையில், 90 ஆம்பியரில் பாதி கிடைத்தாலே பெரிது.

முதலில் மீட்டரை எடுங்க. ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு 1,500 ஆர்பிஎம்மில் டைனமோவிலிருந்து மின்சாரம் வெளியே வரும் பி பிளஸ் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே அளந்தால் 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எர்த் பக்கம் 0.2. அரை வோல்ட் விழுந்து 60 ஆம்பியர் ஓடினால் 30 வாட். அது அந்த ஒரே நட்டில் இருந்தால், சூடு நேராக டயோடு பிளேட்டுக்குத்தான் போகும்.

டீசல்முருகு:
வயர், எர்த் எல்லாம் சுத்தமாக இருந்தும் சூடாகிறதே, அதற்கு என்ன பதில்?

மின்கம்பி:
பேட்டரியைப் பாருங்க. அரை மணி ஓடிய பிறகும் கிளாம்ப் மீட்டரில் (வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்) பேட்டரி 20 ஆம்பியர் இழுத்தால் செல் போயிருக்கலாம். டைனமோ ஓய்வில்லாமல் அதற்கே உழைக்கும். பெல்ட் வழுக்கினால் புல்லி கொதித்து முன் பேரிங்கின் கிரீஸ் உருகி ஓடிவிடும். மீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டில் வைத்து, பேட்டரியில் 0.5க்கு மேல் காட்டினால் டயோடு சந்தேகம். சூட்டில் 13.6 வோல்ட் காட்டுவதைப் பார்த்து ரெகுலேட்டரை மாற்றாதீங்க; வெப்பம் ஏறினால் அது தானாகவே வோல்ட்டைக் குறைக்கும்.

பட்டறைசெல்வம்:
நீங்க இரண்டு பேரும் வேகத்தை விட்டுட்டீங்க. டைனமோவில் 60 மி.மீ. புல்லிக்குப் பதில் 54 போட்டால் விகிதம் 3 ஆகும், ஐடிலில் 2,250 சுற்று. மின்சாரமும் கூடும், விசிறிக் காற்றும் கூடும்.

மின்கம்பி:
டீசலுக்குச் சரி. 4,500 ஆர்பிஎம்மில் 13,500தான் வரும், 18,000 தாங்கும் டைனமோவுக்கு அது ஒன்றுமில்லை. 6,500 வரை ஏறும் பெட்ரோல் வண்டியில் 19,500 ஆகிவிடும், அங்கே கூடாது. சின்னப் புல்லியில் பெல்ட் தொடும் பரப்பும் குறையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் நன்றாக இருக்க வேண்டும். கிளட்ச் புல்லி (ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மறுபக்கம் தளர்ந்து சுற்றுவது) வந்த வண்டியில் சாதாப் புல்லி மாட்டாதீங்க, பெல்ட் உதறும்.

டீசல்முருகு:
காற்றின் திசை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ரேடியேட்டருக்குப் பின்னால் வரும் காற்றே சூடானது. வெளிக்காற்று தேவையில்லை என்பதை ஏற்க முடியாது.

மின்கம்பி:
தேவையில்லை என்று நான் சொல்லவில்லை, மோட்டார் வேண்டாம் என்கிறேன். கிரில்லிலிருந்து 50 மி.மீ. ஹோஸ் ஒன்றை, சூடான புகை போகும் மேனிஃபோல்டை ஒட்டாமல், டைனமோவின் பின்மூடி வரை கொண்டு வாங்க. 25 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்க, தாழ்வான வளைவில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை. மேனிஃபோல்ட் மேல் உள்ள வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருந்தால் அதை முதலில் மாட்டுங்க.

டீசல்முருகு:
நிற்கும் வண்டியில் ஹோஸில் காற்று எங்கிருந்து வரும்?

மின்கம்பி:
உள்விசிறியே இழுக்கும், இழுப்பது வெளிக்காற்றாக இருக்கும், அவ்வளவுதான் லாபம். நீண்ட நேரம் நிற்பதாக இருந்தால் ஐடிலை 900க்கு ஏற்றுங்க, இல்லையென்றால் ஏசி ப்ளோயரை (உள்ளே காற்று தள்ளும் விசிறி) ஒரு படி குறைங்க.

பட்டறைசெல்வம்:
ஹோஸ் போட்டவர்கள் ஐப்பசி மழைக்கு முன் கழற்றிவிடுங்க. சேறு உள்ளே போனால் கார்பனும் அது உரசும் ஸ்லிப் ரிங்கும் தேய்ந்துவிடும்.