விசாரணைப் படிவத்தில் வந்த ஸ்கிரிப்ட்: பிளகின் ஓட்டைகளில் நீங்கள் பட்டதையும் எழுதுங்கள்

தொடங்கியவர், ஈரோடு:

போர்வை, துண்டு, ஜமக்காளம் விற்கும் ஒரு கடையின் இணையதளத்தை நான்கு வருடமாகப் பார்த்துவருகிறேன். வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருள்தான். போன வருடம் ஒரு வியாழக்கிழமை காலையில் கடைக்காரர் கூப்பிட்டார். “தம்பி, நம்ம சைட்டை போன்ல தொறந்தா என்னமோ பரிசு விழுந்திருக்குன்னு வேற பக்கம் வருதுங்க” என்றார். நான் லேப்டாப்பில் திறந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. லாகின் செய்திருப்பவர்களுக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் காட்டும்படி அந்த நிரலை எழுதியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பயனர் பட்டியலில் இரண்டு அட்மின்கள்தான் இருக்க வேண்டும். ஒன்று நான், இன்னொன்று கடையில் விசாரணைகளுக்குப் பதில் அனுப்பும் பெண். மூன்றாவதாக ஒரு கணக்கு இருந்தது. செவ்வாய் காலை 11.42-க்கு உருவாகியிருந்தது. சர்வர் பதிவேட்டில் அந்த நிமிடத்தைத் தேடினேன். புதிய பயனரைச் சேர்க்கச் சொன்ன கோரிக்கை கடையின் சொந்த ஐபி முகவரியிலிருந்து வந்திருந்தது. அந்த நேரத்தில் கடைக் கணினியின் முன்னால் இருந்தது அந்தப் பெண் ஒருவர்தான்.

அவரிடம் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை. “நான் எதுவும் பண்ணலைங்கண்ணா, வந்த மெசேஜைத்தான் தொறந்து பாத்தேன்” என்றார். பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்தீர்களா என்று மறுபடியும் கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று இரவு தரவுத்தளத்தில் விசாரணைகள் சேமிக்கப்படும் அட்டவணையை வரிவரியாகப் படித்தபோதுதான் விடை கிடைத்தது. திங்கள் இரவு வந்த ஒரு விசாரணையில், பெயர் என்ற கட்டத்தில் ஒரு பெயரும் அதை ஒட்டி ஒரு ஸ்கிரிப்ட் டேக்கும் இருந்தன. வேறு எங்கோ இருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை அது இழுத்துவந்தது. படிவ பிளகின், அதாவது வேர்ட்பிரஸ்ஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணைநிரல், அந்தப் பெயரை வாங்கிச் சேமித்து, அட்மின் பக்கத்தில் அப்படியே அச்சடித்துவிட்டது. பார்ப்பவருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். ஸ்கிரிப்டை பிரவுசர் சத்தமில்லாமல் ஓட்டிவிடும்.

அது ஓடியது அந்தப் பெண்ணின் பிரவுசரில், அவருடைய அட்மின் லாகினுக்குள். புதிய பயனரைச் சேர்க்கும் பக்கத்தைப் பின்னணியில் திறந்தது, கோரிக்கை அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று காட்ட அதில் மறைந்திருக்கும் நான்ஸ் என்ற குறியீட்டை எடுத்தது, படிவத்தை நிரப்பி அனுப்பியது. லாகினை நினைவில் வைக்கும் குக்கீயை ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி எச்டிடிபிஒன்லி என்று வைத்திருந்தேன். அதனால் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். திருட வேண்டிய தேவையே இல்லை. தளத்துக்கு உள்ளிருந்தே கோரிக்கை போகிறது, குக்கீயை பிரவுசர் தானாகவே சேர்த்து அனுப்பிவிடுகிறது. சர்வரைப் பொறுத்தவரை அதைச் செய்தது அவர்தான்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். பதிவேட்டை மட்டும் நம்பி ஒரு நிரபராதியின் முன்னால் நான் போய் நின்றேன், அது இன்னும் உறுத்துகிறது.

மறுமொழி, சென்னை, பிளகின் எழுதுபவர்:

அண்ணா, உங்கள் கதையின் மறுபக்கத்தில் இருந்தவள் நான். அப்படி ஒரு ஓட்டையை நானே எழுதியிருக்கிறேன். தமிழில் தளம் செய்கிறவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு தமிழ்த் தளத்துக்கு வாசகர் கருத்துகளைக் காட்டும் சிறிய பிளகின் செய்தேன். பெயர் நீளமாக இருந்தால் பக்கம் கலைந்துவிடும் என்று 50-க்கு வெட்டினேன். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியில் வெட்டுவதற்கான சாதாரண சப்ஸ்டிரிங் கட்டளை. அது எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘கு’ என்றால் ககரமும் உகரக் குறியும் சேர்ந்து 6. 50-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 2 வருகிறது இல்லையா, அங்கே ஒரு எழுத்து பாதியில் அறுந்துவிடும்.

கோண அடைப்புக்குறி போன்ற குறிகளை ஓடாத வெறும் எழுத்தாக மாற்றுவதைத்தான் எஸ்கேப் என்கிறோம். அறுந்த சரத்தை அந்த வேலையைச் செய்யும் எச்டிஎம்எல் ஸ்பெஷல்கேர்ஸ் கட்டளைக்குக் கொடுத்தால், அன்றிருந்த பழைய பிஎச்பியில் அது வெற்றுச் சரத்தைத் திருப்பித் தரும். வேர்ட்பிரஸ்ஸின் எஸ்க் எச்டிஎம்எல்லும் அப்படித்தான், யூடிஎஃப்-8 செல்லாது என்று கண்டால் காலியாக்கிவிடும். ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காக வந்தன. நீளமான தமிழ்ப் பெயர்கள் மட்டும் மறைந்துபோயின. வாடிக்கையாளர், “தமிழ் வரமாட்டேங்குதே மேடம்” என்றார். நான் ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தேன். எஸ்கேப் செய்யும் வரியை எடுத்ததும் பெயர் வந்துவிட்டது, கடைசியில் ஒரு உடைந்த கட்டத்தோடு. சரி, தமிழுக்கும் இந்தக் கட்டளைக்கும் ஒத்துவராது போல என்று முடிவு செய்து, அந்த வரியை அப்படியே நீக்கிவிட்டேன்.

எட்டு மாதம் அந்த பிளகின் அப்படியே ஓடியது. ஒரு கல்லூரி மாணவர் பெயர்க் கட்டத்தில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரவைத்து, படம் எடுத்து அனுப்பி, பொறுமையாக விளக்கினார். அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். தவறு வெட்டிய இடத்தில் இருந்தது. எழுத்தை எண்ணி வெட்டும் மல்டிபைட் சப்ஸ்டிரிங் போட்டிருந்தால் எஸ்கேப் வரியைத் தொட வேண்டியே இருந்திருக்காது.

இதே வகையில் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். பெயர்க் கட்டத்தில் ஏ முதல் இசட் வரை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டி இருக்கும். தமிழ்ப் பெயர் போடமுடியவில்லை என்று புகார் வரும். யூனிகோட் எழுத்துகளை அதில் சேர்ப்பதற்குப் பதிலாக வடிகட்டியையே தூக்கிவிடுவார்கள். தமிழ் தெரிய வேண்டும் என்ற நல்ல நோக்கத்திலேயே இப்படிக் கதவு திறந்துபோகிறது.

மறுமொழி, மதுரை, ஹோஸ்டிங் உதவிப் பிரிவு:

அண்ணே, உங்களுக்கு நடந்தது அச்சில் வார்த்த மாதிரி 2019 மார்ச்சில் வெளியே தெரிந்த ஒரு தாக்குதல். வூகாமர்ஸ் என்ற இணையக் கடை பிளகினோடு சேர்ந்து ஓடும் அபாண்டன்டு கார்ட் லைட் ஃபார் வூகாமர்ஸ் என்ற பிளகின். பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களின் விவரத்தைக் கடைக்காரருக்குக் காட்டும். தாக்கியவர்கள் பொருளை எடுத்து, பில்லிங் பெயர்க் கட்டத்தில் ஸ்கிரிப்டை எழுதிவிட்டு வாங்காமல் போனார்கள். கடைக்காரர் பட்டியலைத் திறந்ததும் வூயூசர் என்ற அட்மின் கணக்கு பிறந்தது. 5.2.0 பதிப்பில் சரிசெய்தார்கள்.

அதில் இன்னொரு வேலையும் இருந்தது. அந்த ஸ்கிரிப்ட், முடக்கிவைத்த பிளகின் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, அதன் கோப்புக்குள் பின்கதவு எழுதிவைத்தது. முடக்கிய பிளகினைத் தளம் ஓட்டாது, ஆனால் கோப்பு சர்வரில்தான் கிடக்கும், முகவரி தெரிந்தவர் நேராகத் திறக்கலாம். அதனால்தான் எங்களிடம் வருகிறவர்களிடம், வேண்டாத பிளகினை டீஆக்டிவேட் செய்தால் போதாது, அழித்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சுத்தம் செய்து கொடுத்த தளம் நான்கே நாளில் மறுபடி வந்து நிற்பது எங்களுக்குப் பழகிப்போன வேதனை. தீய நிரலை அழிப்பார்கள், பிளகினைப் புதுப்பிக்க மாட்டார்கள். பாப்அப் பில்டர் பிளகினின் ஓட்டை 4.2.3 பதிப்பில் அடைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் பாலடா இன்ஜெக்டர் கும்பல் அதன் வழியாக 7,000-க்கும் மேற்பட்ட தளங்களில் நுழைந்ததாகச் செய்தி வந்தது. இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், அதே ஓட்டையில் இன்னொரு அலை, 3,000-க்கும் மேல். திருத்தம் அதற்குள் எத்தனையோ வாரமாக எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

மறுமொழி, கோவை:

என்னுடையது சேமிக்கும் வகை இல்லை, எதிரொலிக்கும் வகை. அலுவலக மின்னஞ்சலுக்கு ஒருவர் எழுதியிருந்தார், “உங்கள் தளத்தில் இந்தப் பக்கம் உடைந்து தெரிகிறது, பாருங்கள்” என்று. இணைப்பு எங்கள் டொமைன்தான். அதனால் சந்தேகமே வரவில்லை. முகவரியின் வால் மட்டும் மிக நீளமாக, சதவீதக் குறிகளாக இருந்தது. அட்மினாக லாகின் செய்திருந்த பிரவுசரிலேயே திறந்துவிட்டேன். முகவரியில் இருந்ததை எங்கள் பிளகின் பக்கத்தில் அப்படியே எதிரொலித்தது. அதற்குப் பிறகு அட்மின் வேலைக்குத் தனி பிரவுசர் வைத்திருக்கிறேன். அதில் மெயில் திறப்பதில்லை.

அவகாசம் எவ்வளவு குறைவு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2023 மே மாதம் அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் பிளகினில் இதே எதிரொலிக்கும் வகை ஓட்டை. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த பிளகின் அது. 6.1.6-ல் திருத்தினார்கள். விவரமும் தாக்கிக் காட்டும் மாதிரி நிரலும் வெளியான 24 மணி நேரத்துக்குள் அதே மாதிரியை நகலெடுத்துத் தளம் தளமாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அகமாய் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் பதிவு செய்தது. நான் அதுவரை பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் அப்டேட் போட்டுவந்தேன். இப்போது சிறிய பிளகின்கள் எல்லாவற்றுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு. பணம் கட்டும் பக்கம் சம்பந்தப்பட்ட இரண்டுக்கு மட்டும் முதலில் சோதனைத் தளத்தில் போட்டுப் பார்ப்பேன்.

மறுமொழி, திருநெல்வேலி:

நாங்கள் ஒரு சிற்றிதழின் தளம் நடத்துகிறோம். நாற்பது பேருக்குமேல், கட்டுரை எழுதித் தர மட்டும் உரிமையுள்ள கன்ட்ரிபியூட்டர் கணக்கு கொடுத்திருக்கிறோம். ஸ்கேனர் ஒன்று, “கன்ட்ரிபியூட்டர் நிலையிலிருந்து எக்ஸ்எஸ்எஸ்” என்றும் இன்னொரு பிளகினுக்கு “அட்மின் நிலையிலிருந்து எக்ஸ்எஸ்எஸ்” என்றும் காட்டுகிறது. எக்ஸ்எஸ்எஸ் என்பது நாம் பேசும் இந்த ஸ்கிரிப்ட் ஓட்டைதான். இரண்டும் ஒரே அளவு ஆபத்தா?

மறுமொழி, சென்னை, பிளகின் எழுதுபவர்:

இல்லை ஐயா. முதலாவதைத்தான் இன்றைக்கே பாருங்கள். கன்ட்ரிபியூட்டர் எழுதும் கட்டுரையில் ஸ்கிரிப்ட் டேக் போட்டால் வேர்ட்பிரஸ் வடிகட்டிவிடும். ஆனால் பிளகின் தரும் ஷார்ட்கோடு என்ற சுருக்கக் கட்டளைக்குள், நிறம், அகலம் என்று கொடுக்கும் இடத்தில் மேற்கோள் குறியை மூடிவிட்டு ஒரு ஆன்மவுஸ்ஓவரைச் சேர்த்தால், வடிகட்டிக்கு அது வெறும் எழுத்து. பிளகின் அதை எச்டிஎம்எல்லாக மாற்றும்போதுதான் உயிர் பெறும். ஆசிரியர் படித்துப் பார்க்க முன்னோட்டம் திறந்து, எழுத்தின் மேல் மவுஸை நகர்த்தினாலே ஓடிவிடும். பிளகின் எழுதுகிறவர் அந்த இடத்துக்கான எஸ்கேப் கட்டளையான எஸ்க் அட்ரிபியூட் என்ற ஒரே ஒரு அழைப்பை விட்டதால் வருவது. நாற்பது கணக்கில் ஒன்றின் பாஸ்வேர்டு எளிதாக இருந்தால் போதும்.

இரண்டாவது, தனித் தளத்தில் பெரும்பாலும் காகிதத்தில்தான் ஓட்டை. அட்மினுக்கும் எடிட்டருக்கும் வடிகட்டாத எச்டிஎம்எல் எழுத வேர்ட்பிரஸ்ஸே உரிமை கொடுத்திருக்கிறது. ஒரே நிறுவலில் பல தளம் ஓடும் மல்டிசைட் என்றால் அந்த உரிமை சூப்பர் அட்மினுக்கு மட்டும்தான், அங்கே அது உண்மையான ஓட்டை.

பிளகின் எழுதுகிறவர்கள் சார்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. 2015 ஏப்ரலில் ஜெட்பேக், யோஸ்ட் எஸ்இஓ உட்பட ஏராளமான பிளகின்கள் ஒரே சமயத்தில் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. முகவரியில் விவரம் சேர்க்கும் ஆட் குவரி ஆர்க் என்ற கட்டளை, வருவதைத் தானே எஸ்கேப் செய்துவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். செய்யாது. ஆவணத்தில் அது தெளிவாக எழுதப்படவில்லை. யோஸ்ட் ஆட்களே அதில் தவறினார்கள் என்று படித்தபோதுதான், என் குற்ற உணர்ச்சி கொஞ்சம் இறங்கி, ஒவ்வொரு கட்டளையையும் மூலத்தில் போய்ப் படிக்கும் பழக்கம் வந்தது. வாங்கும்போது சுத்தம் செய்தேனே என்று இப்போதெல்லாம் விடுவதில்லை. அச்சடிக்கும் வரியில், அது எச்டிஎம்எல்லுக்குள் போகிறதா, அட்ரிபியூட்டுக்குள்ளா, முகவரிக்குள்ளா என்று பார்த்து அந்தந்த எஸ்கேப்பைப் போடுகிறேன்.

தொடங்கியவர், ஈரோடு:

எல்லாருக்கும் நன்றி. நான் செய்தவற்றையும் எழுதிவிடுகிறேன். மூன்றாவது கணக்கை அழித்தேன், கட்டமைப்புக் கோப்பில் லாகின் குக்கீகளுக்கு முத்திரை போடும் சால்ட் சாவிகளை மாற்றினேன், அதனால் எல்லா லாகினும் ஒரே நேரத்தில் அறுந்தன. பிளகின் கோப்புகளை அட்மின் பக்கத்திலிருந்தே திருத்தும் வசதியை மூடினேன். மதுரை நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு முடக்கிக் கிடந்த ஆறு பிளகின்களை நேற்று அழித்தேன். விசாரணை பார்க்கும் ஒருவருக்கு நான் அட்மின் அதிகாரம் கொடுத்திருக்கவே கூடாது. வாங்கும்போதே “எதுக்குங்கண்ணா எனக்கு இவ்வளவு” என்று அவர் கேட்டிருந்தார். இப்போது அவருக்கு விசாரணைகளைப் பார்க்க மட்டும் உரிமையுள்ள கணக்கு.

மறுநாளே கடைக்குப் போய், கடைக்காரர் முன்னால் வைத்தே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன நடந்தது என்று தரவுத்தளத்தில் அந்த வரியைக் காட்டி விளக்கினேன். பிளகின் திருத்தம் வந்ததும் போட்டேன்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். “அண்ணா, ஒரு விசாரணையில பேருக்குப் பின்னாடி குறி குறியா என்னமோ இங்கிலீஷ்ல வருதுங்க. நான் தொடலை, அப்படியே வெச்சிருக்கேன்.” போய்ப் பார்த்தேன். கோண அடைப்புக்குறி முதல் கடைசி வரை ஸ்கிரிப்ட் டேக் முழுவதும் எழுத்தெழுத்தாகத் திரையில் கிடந்தது.