மறுமொழி: ‘வணிக வலையமைப்பு’க்கு வேறு சொல் உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம். ஆசிய வணிகப் பாடத்தாளை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். சீனரின் குவான்ஷி, ஜப்பானின் கெய்ரெட்சு, கொரியாவின் செபோல் மூன்றையும் ‘வணிக வலையமைப்பு’ என்றே எழுதியிருக்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் வைஃபையா என்று கேட்கிறார்கள். வேறு சொல் தாருங்கள்.
– உட்லண்ட்ஸ்

‘வணிகப் பிணையம்’. பிணை என்றால் ஜாமீன். இங்கே சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் (வட்டிக்கடைக் கூடத்தில்) செட்டியார்கள் ஆளுக்கொரு கணக்குப் பெட்டியோடு பெட்டியடி போட்டு வரிசையாக உட்கார்ந்து தொழில் செய்தார்கள். ஒருவர் கைமாற்றுக் கேட்டால் அடுத்த பெட்டிக்காரருக்கு அவர் ஊர், கோயில், பங்காளி எல்லாம் தெரியும். அதுதான் பிணை. தொழிலில் கோயிலுக்கென்று ஒதுக்கும் மகமை தேங் ரோடு முருகன் கோயிலுக்குப் போகும்.
– ஈசூன்

பிணையத்தைக் கணினிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள், ஐயா. வணிகக் கூட்டத்துக்குப் பழைய ‘சாத்து’ இருக்க ஏன் அலைய வேண்டும்? கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலேயே இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து சுங்கச் சாவடி வழியே போகிறது. சுமத்ராவின் பாருசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐநூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சொல்கிறது. கடல் கடந்த சாத்து அல்லவா அது!
– தெம்பனிஸ்

கழுதை வேண்டாம் அண்ணே. ‘சாத்து’ என்றால் என் மகன் கதவைச் சாத்துவான், இல்லையென்றால் அடி விழும் என்று ஓடுவான்.

அப்புறம், மூன்றையும் ஒரே சாக்கில் கட்டுவதே சரியில்லை. கெய்ரெட்சு ஒரு வங்கியைச் சுற்றி ஒன்றின் பங்கை ஒன்று வைத்திருக்கும் நிறுவனக் கூட்டம். செபோல் ஒரு குடும்பத்தின் பிடி. குவான்ஷி நிறுவனமே இல்லை, ஆளுக்கு ஆள் உள்ள கடப்பாடு. அதுவும் அப்படியே நிற்கவில்லை: 1906இல் தொடங்கிய சீன வர்த்தகச் சபை 1991இல் உலகச் சீனத் தொழில்முனைவோர் மாநாட்டை இங்கேதான் முதலில் கூட்டியது. குலம், ஊர், பேச்சுவழக்கு என்று பிரிந்து கிடந்த உறவு பெயரட்டை மாற்றும் அரங்கத்துக்கு வந்தது. குவான்ஷிக்கு ‘உறவுக்கட்டு’ போடுங்கள், மற்ற இரண்டையும் ஒலிபெயர்த்து விடுங்கள்.
– புக்கிட் பாத்தோக்

‘உறவுக்கட்டு’ எனக்குச் சரி. பொதுத் தலைப்பில் மட்டும் ‘வலையமைப்பு’ இருக்கட்டும், நேரமில்லை.
– உட்லண்ட்ஸ்

என் ஓட்டு பிணையத்துக்கே. போகட்டும், கிட்டங்கி தமிழ்க் கிடங்கிலிருந்து மலாய் ‘குடாங்’ ஆனதா, மலாயிலிருந்து நமக்கு வந்ததா?
– ஈசூன்

கிடங்குக்குச் சங்க இலக்கியத்தில் அகழி என்று பொருள். மீதியை இரவு எழுதுகிறேன்.
– தெம்பனிஸ்