வீட்டில் முளைகட்டி உலர்த்திய பார்லி மால்ட்: மாஷில் மாவுச்சத்து மாறவில்லை, சாறும் வடியவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆயத்தமாகக் கிடைக்கும் மால்ட்டைக் கொண்டு பியர் காய்ச்சிப் பழகியவன் நான். பார்லியை நானே முளைகட்டி, உலர்த்தி, அந்த மால்ட்டிலேயே காய்ச்சிப் பார்க்க வேண்டும் என்று உமி நீக்காத பார்லி 2 கிலோ எடுத்துச் செய்தேன். முளை நன்றாகவே வந்தது. மாஷ் (உடைத்த மால்ட்டை வெந்நீரில் வைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது) போடும்போதுதான் சிக்கல் எழுந்தது; அதற்கு உங்கள் உதவியை நாடுகிறேன்.

செய்த முறை இதுதான். பார்லியை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, தட்டில் பரப்பி ஈரத்துணியால் மூடி வைத்தேன். அவ்வப்போது கிளறி நீர் தெளித்து வந்தேன். வேர் மணியின் நீளத்துக்கு வளர்ந்ததும் முளைப்பை நிறுத்தி, வெளிர் மால்ட்டுக்கு 80 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்று படித்திருந்ததால் நேராக அந்த வெப்பத்தில் ஓவனில் வைத்து மொறுமொறுவென்று ஆகும் வரை உலர்த்தினேன். வேரைத் தேய்த்து நீக்கி, வழக்கமாக அரைக்கும் பதத்தில் உடைத்து, 66 டிகிரியில் ஒரு மணி நேரம் மாஷ் வைத்தேன்.

அயோடின் சொட்டு விட்டால், மாவுச்சத்து மாறாமல் இருப்பதைக் காட்டும் கருநீலம் மறையவே இல்லை. இன்னும் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தும் அதே நிறம்தான். சாறு பசைபோல் கெட்டிப்பட்டு, வடிகட்டியில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. சாற்றில் கரைந்த சர்க்கரையைக் காட்டும் அடர்த்தி 1.040 அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஹைட்ரோமீட்டர் 1.016 காட்டியது. மால்ட்டில் பாதி இன்னும் மீதமிருக்கிறது. அதைக் காப்பாற்ற வழியுண்டா? அடுத்த முறை எதை மாற்ற வேண்டும்?

முதல் மறுமொழி

வணக்கம் நண்பரே. நீங்கள் விவரமாக எழுதியிருப்பதால் சந்தேகத்தை இரண்டு இடங்களுக்குள் சுருக்கிவிடலாம். ஒன்று, முளைப்பு பாதியிலேயே நின்று மணியின் உட்பகுதி இளகாமல் கல்லாகவே இருந்திருக்கலாம். மற்றொன்று, உட்பகுதி இளகியும், ஈரமான மணி அதிக வெப்பத்தில் வெந்ததால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அழிந்திருக்கலாம். இரண்டிலும் அயோடின் கறுக்கும், இரண்டிலும் அடர்த்தி குறையும். சாறு கெட்டிப்படுவதற்கும் உடையாத பீட்டா குளூக்கான் (மணியின் செல் சுவரில் உள்ள பசைப்பொருள்), மாறாத மாவுச்சத்து ஆகிய இரண்டுமே காரணமாகலாம். ஆகவே மாஷைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மணியைத் திறந்து பார்க்க வேண்டும்.

வேரின் நீளத்தை வைத்து முளைப்பை நிறுத்தியது எனக்கு முதலில் உறுத்துகிறது. வேர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப விரைவாகவோ மெதுவாகவோ ஓடும். உள்ளே என்ன நடந்தது என்பதை அது நம்பகமாகச் சொல்லாது. அதைச் சொல்வது உமிக்கு அடியில் மணியின் முதுகுப்புறமாகக் கருவிலிருந்து மறுமுனை நோக்கி ஊர்ந்து வளரும் குருத்துதான். குருத்து மணியின் நீளத்தில் முக்கால் பங்கை எட்டும்போது, கரு சுரக்கும் ஜிப்பரெல்லின் என்னும் ஹார்மோன், மாவுப் பகுதியைச் சூழ்ந்த அலியூரோன் படலத்தைத் தூண்டி, அங்கே உருவான நொதிகள் செல் சுவர்களைக் கரைத்துக்கொண்டு ஏறத்தாழ அதே அளவுக்கு முன்னேறியிருக்கும்.

மீதமுள்ள மால்ட்டில் 50 மணிகளை எடுத்துச் சில நிமிடங்கள் கொதிநீரில் போட்டு, முதுகுப்புற உமியை நகத்தால் உரித்துக் குருத்து எதுவரை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரே தட்டில் கிடந்த மணிகளுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருக்கும். கொதிக்க வைக்காத வேறு சில மணிகளைக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே வெண்மையாக, சுண்ணாம்புக் கட்டிபோல் பொடிந்தால் நல்லது. கண்ணாடிபோல் பளபளத்தால் நல்லதன்று.

அடுத்து நொதிக்கான சோதனை. ஒரு பாத்திரத்தில் உங்கள் மால்ட் மட்டும் 100 கிராம், மற்றொன்றில் உங்கள் மால்ட் 70 கிராமுடன் நம்பகமான வெளிர் மால்ட் 30 கிராம் என அரைத்துப் போட்டு, இரண்டிலும் 300 மில்லி வெந்நீர் ஊற்றி, 65 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். கலந்த பாத்திரம் மட்டும் மாறினால் நொதி செத்திருக்கிறது என்று பொருள். கலந்ததும் மாறாவிட்டால் உட்பகுதி இளகவே இல்லை. தெளிந்த சாற்றில் மட்டும் அயோடினை விடுங்கள். உமித் துகள் விழுந்தால் அதுவே கறுத்து உங்களை ஏமாற்றும். சோதித்த சாற்றைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டாம்.

கேட்டவரின் தொடர்ச்சி

விளக்கத்துக்கு மிக்க நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன். பெரும்பாலான மணிகளில் குருத்து பாதி நீளத்தில் நிற்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மணிகளில் அது கருவைத் தாண்டவே இல்லை. ஓரிரண்டில் மட்டும் உமியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. வெட்டிய மணிகள் கருவின் பக்கம் பொடிகின்றன, மறுமுனை பல்லுக்கே மசியவில்லை. சில மணிகளின் உள்ளே தேன் நிறத்தில் கண்ணாடிபோன்ற பளபளப்பும் இருக்கிறது.

தனி மால்ட் இருந்த பாத்திரத்தில் கருநீலம் அப்படியே இருந்தது. கலந்த பாத்திரத்தின் சாறு அயோடினின் பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அடியில் கடினமான குருணை தங்கி, துணியில் வடிப்பது அங்கேயும் மெதுவாகவே நடந்தது.

தட்டின் நடுப்பகுதியில் சில மணிகள் இளஞ்சிவப்பாக இருந்ததையும் இப்போது நினைவுகூர்கிறேன். அது முக்கியமா?

இரண்டாம் மறுமொழி

அந்த இளஞ்சிவப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. பார்லி மணியில் இளஞ்சிவப்போ செந்நிறமோ படர்ந்தால் அது பெரும்பாலும் ஃப்யூசேரியம் பூஞ்சை. அது டியாக்ஸிநிவலினால் போன்ற நச்சுகளை உண்டாக்கக்கூடியது. உலர்த்தினாலும் கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு அழியும் என்று நம்ப முடியாது. பியர் புட்டியைத் திறந்ததும் நுரை பீறிட்டு வெளியேறுவதற்கும் இந்தப் பூஞ்சை ஒரு காரணம். நிறம் மாறிய மணிகளை மட்டும் பொறுக்கி எறிந்தால் போதாது. மீதியை முழுவதுமாகக் குப்பையில் போட்டுவிடுங்கள். கால்நடைக்கும் கொடுக்க வேண்டாம். பாடுபட்டுச் செய்ததை எறிவது மனத்துக்குக் கடினம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. தட்டையும் துணியையும் கொதிநீரில் கழுவி நன்கு காயவைத்த பிறகே அடுத்த முறைக்கு எடுங்கள்.

அடுத்த பார்லியை வாங்கும்போது, விதைப்புக்கென்று பூஞ்சைக்கொல்லி பூசிய விதை வேண்டாம். உமியும் தவிடும் தீட்டப்பட்ட வெண்பார்லி முளைக்காது. அறுவடையான புதிதில் சில மணிகள் உறக்க நிலையில் இருக்கும் என்பதால், 100 மணிகளை ஈரமான வடிதாளில் பரப்பி மூடிவைத்து, மூன்று நாள்களில் எத்தனை முளைக்கின்றன என்று முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். 95-க்குக் குறைந்தால் அந்தப் பார்லியைச் சில வாரங்கள் உலர்வாக வைத்திருந்து மறுபடி சோதியுங்கள். முளைக்காத மணி மாவுச்சத்தைத் தராததோடு, ஈரத்தில் கிடந்து பூஞ்சைக்கு முதல் இரையும் ஆகிறது.

முதல் மறுமொழி அளித்தவர் மீண்டும்

பூஞ்சை பற்றி மேலே சொல்லப்பட்டதை முழுமனத்தோடு ஏற்கிறேன். அந்தச் செய்தி இல்லாதிருந்தால், மீதியை நல்ல மால்ட்டுடன் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து, முதலில் 45 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்திப் பீட்டா குளூக்கானை உடைத்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்லியிருப்பேன். இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் சோதனை இரண்டு குறைகளையும் காட்டுகிறது. கலந்த பாத்திரத்தின் சாறு மாறியதால் உங்கள் மால்ட்டின் நொதி அழிந்திருக்கிறது. அங்கேயும் குருணை தங்கியதால் உட்பகுதியில் பாதி இளகவில்லை. முளைப்பு ஒரே சீராக இல்லாததற்குக் காரணம் ஊறலில்தான் இருக்க வேண்டும். இரவு முழுவதும் ஒரே நீரில் மூழ்கிக் கிடக்கும் பார்லிக்கு மூச்சு முட்டும். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை மணிகள் விரைவில் தீர்த்துவிடும். எட்டு மணி நேரம் நீரில், பிறகு எட்டு மணி நேரம் நீரை வடித்துக் காற்றில், மறுபடியும் நீரில் என்று 36 முதல் 48 மணி நேரம் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நீர் 15 டிகிரியை ஒட்டி இருக்கட்டும்.

ஊறல் முடிந்ததா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் எடையை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு சிறிய துணிப்பையில் சரியாக 100 கிராம் பார்லியைக் கட்டி, மற்ற பார்லியோடு சேர்த்தே ஊறவையுங்கள். உலர்ந்த பார்லியில் 12 விழுக்காடு ஈரம் இருப்பதாகக் கொண்டால், அந்த 100 கிராமில் நீரற்ற பகுதி 88 கிராம். நமக்கு வேண்டிய ஈரம் 44 விழுக்காடு. 88 கிராம் மொத்த எடையில் 56 விழுக்காடாக இருக்க வேண்டுமானால் மொத்த எடை 157 கிராம். பையை எடுத்து உதறி, மேல் நீரைத் துணியால் ஒற்றிவிட்டு எடை போடுங்கள். 140 கிராமில் நின்றால் ஈரம் 37 விழுக்காடுதான். அந்த நிலையில் முளை கிளம்பும், வேரும் ஓடும், ஆனால் மணியின் மறுமுனைவரை நொதி சென்று சேராது. உங்கள் மணிகள் காட்டும் தோற்றம் இதோடு பொருந்துகிறது.

முளைப்பின்போது 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் குவிக்காதீர்கள். முளைக்கும் பார்லி தானே சூடாகும். ஓரத்தில் 15 டிகிரி இருக்கும்போதே நடுவில் 20-ஐத் தாண்டிவிடும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடியில் கிடப்பது மேலே வரும்படி புரட்டி, பின்னிக்கொண்ட வேர்களைப் பிரித்து விடுங்கள். நன்றாக நடக்கும்போது நறுக்கிய வெள்ளரியின் மணம் வரும். புளிப்பு வாடை வந்தால் காற்றோட்டம் போதவில்லை. நான்கு அல்லது ஐந்து நாள்களில் குருத்து முக்கால் நீளத்தைத் தொடும். அப்போது மணியை உரித்து விரல்களுக்கிடையே தேய்த்தால் மாவு கடைசி முனைவரை வழவழவென்று பூசிக்கொள்ள வேண்டும். முனையில் உறுதியான கட்டி தட்டுப்பட்டால் இன்னும் அரை நாள் பொறுங்கள்.

மூன்றாம் மறுமொழி

உலர்த்தலைப் பற்றி நான் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் முளைப்பு எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் ஓவனுக்குள் அதைக் கெடுத்துவிட முடியும். 80 டிகிரி என்று நீங்கள் படித்தது சரியான அளவுதான். ஆனால் அது ஏற்கெனவே காய்ந்த மால்ட்டுக்குக் கடைசியில் கொடுக்க வேண்டிய வெப்பம். நொதியின் தாங்கும் திறன் ஈரத்தைப் பொறுத்தது. உலர்ந்த மணிக்குள் இருக்கும் நொதி 80 டிகிரியைச் சில மணி நேரம் பெருமளவு தாங்கும். 40 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள மணிக்குள் அதே வெப்பத்தில் வெந்துவிடும். மூடிய ஓவனில் ஆவி வெளியேற வழியில்லாததால் மணி உள்ளுக்குள் அவிகிறது. நீங்கள் கண்ட தேன்நிறப் பளபளப்பு அதன் அடையாளம். படிக மால்ட் என்னும் நிற மால்ட்டை வேண்டுமென்றே இப்படி அவித்துத்தான் செய்கிறார்கள்.

ஆகவே முதலில் காற்று, பிறகு வெப்பம். வலைத்தட்டில் மெல்லியதாகப் பரப்பி மின்விசிறியின் கீழ் வையுங்கள். பின்னர் 40 முதல் 50 டிகிரிக்குள், காற்று ஓடும் உணவு உலர்த்தியிலோ கதவு சற்றுத் திறந்த ஓவனிலோ காயவிடுங்கள். இங்கேயும் தராசுதான் துணை. 1 கிலோ பார்லியில் தொடங்கியிருந்தால், முளைப்பின்போது மணி மூச்சுவிட்டு இழந்தது போக, வேரோடு சேர்த்து எடை 920 கிராமை ஒட்டி இறங்கும்போது ஈரம் ஏறத்தாழ 10 விழுக்காடு. அதற்கு முன் 50 டிகிரியைத் தாண்டாதீர்கள். பிறகு 65 டிகிரிக்கு ஏற்றிச் சில மணி நேரம், கடைசியாக 80 முதல் 82 டிகிரியில் மூன்று அல்லது நான்கு மணி நேரம். ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் வெப்பமானியின் முனையை மணிகளுக்குள் செருகிப் பாருங்கள்.

நொதிக்கு அஞ்சி அந்தக் கடைசிக் கட்டத்தைத் தவிர்க்கவும் வேண்டாம். பச்சை வாடையும், பியரில் வேகவைத்த சோளத்தின் மணத்தைத் தரும் டைமெத்தில் சல்ஃபைடின் மூலப்பொருளும் அந்த வெப்பத்தில்தான் குறைகின்றன. ஓவனிலிருந்து எடுத்ததும் வேர் நொறுங்கும் நிலையில் இருக்கும்போதே தேய்த்துச் சலித்துவிடுங்கள். ஆறினால் அது ஈரத்தை இழுத்து வளைந்துகொடுக்கும், பியரில் கசப்பும் ஏறும். வேர் நீங்கியபின் 820 முதல் 840 கிராம் வரை கிடைக்கும். காற்றுப் புகாத கலத்தில் இரண்டு மூன்று வாரங்கள் வைத்திருந்து பிறகு காய்ச்சுங்கள்.

கேட்டவர்

மீதியை அப்புறப்படுத்திவிட்டேன். அடுத்த பார்லியின் 100 மணிகள் வடிதாளில் இருக்கின்றன. கடைசியாக ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன்: குருத்து சில மணிகளில் முன்னும் சில மணிகளில் பின்னுமாக இருந்தால், யாருக்காகக் காத்திருப்பது? முந்திய மணிகளுக்காகவா, பிந்திய மணிகளுக்காகவா?

முதல் மறுமொழி அளித்தவர்

பெரும்பான்மைக்காக. உரித்துப் பார்க்கும் 50 மணிகளில் நாற்பதுக்கு மேல் முக்கால் நீளத்துக்கும் முழு நீளத்துக்கும் இடையில் வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். நாலைந்து மணிகளில் குருத்து வெளியே வந்திருந்தால் கொஞ்சம் மாவுச்சத்து வீணாகும், அவ்வளவுதான். பிந்திய மணிகள் சிலவற்றை 45 டிகிரி நிறுத்தத்தோடு தொடங்கி வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்தும் படிநிலை மாஷ் ஈடுகட்டும். உலர்த்தி ஓய்வு கொடுத்த பிறகு, முழுவதையும் அரைப்பதற்கு முன் 100 கிராமை மட்டும் எடுத்து அதே அயோடின் சோதனையைச் செய்து பாருங்கள்.